பாட்டு முடியாமல் இறங்கக் கூடாது

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்திரிகையில் எழுதுகிறவர்கள் நாலு பேர் முன்னால் பேசத் தெரிந்தவர்கள். நான் மூன்றாம் படிவம் வரை படித்தவள். கடையில் ஒரு கட்டுக் கொத்தமல்லி கேட்பதற்குக்கூட, கூட்டம் கலையட்டும் என்று ஓரமாக நிற்கிறவள். கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு பேக்டரியில், மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துச் சின்னச் சின்ன மின்சுற்றுப் பலகைகளைப் பார்ப்பது என் வேலை. அந்த வேலைக்குப் பேச்சுத் தேவையில்லை. அதனால்தான் இத்தனை வருடம் தாக்குப்பிடித்தேன். இப்படிப்பட்டவள் பேனாவைத் தூக்குவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் முழுப்பாட்டைப் பற்றி வேறு யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்து பார்த்துவிட்டேன். யாரும் எழுதவில்லை.

கெடா மாநிலத்தில், ஏன், இந்த மலேசியத் தீபகற்பம் முழுவதிலுமே, ஒரு பாட்டைக்கூடப் பாதியில் நிறுத்தாத மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் பேக்டரி பஸ் டிரைவர். உண்மையான பெயர் அவருடைய லைசென்சில் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் முழுப்பாட்டு.

அவருடைய பஸ்ஸில் ஒரே ஒரு சட்டம்தான். பாட்டு ஓடும்போது ஏறலாம், இறங்கக் கூடாது. உங்கள் வீட்டு வாசல் வந்தாலும் சரி, உங்கள் வீடே தீப்பிடித்து எரிந்தாலும் சரி, பாட்டு முடிந்தால்தான் கதவு திறக்கும். முடிந்ததும் ஸ்டீயரிங்கில் இரண்டு தட்டுத் தட்டி, "முடிஞ்சிருச்சு, இறங்கலாம்" என்பார். அந்த வார்த்தை வரும்வரை நாற்பது பெண்கள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண், முதல் நாள் ஷிப்டு முடிந்து திரும்பும்போது லூனாஸில் மணியை அழுத்தினாள். பஸ் நிற்கவில்லை. மறுபடியும் அழுத்தினாள். பிறகு விரலை எடுக்காமலே அழுத்தினாள்.

"என்னாம்மா அவசரம்? இப்பதான் ரெண்டாவது சரணம் வருது" என்றார் முழுப்பாட்டு.

"அண்ணே, என் வீடு தாண்டிப் போச்சு."

"வீடு எங்கியும் ஓடாதும்மா. பாட்டு ஓடிரும்."

அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். பாட்டு முடிந்ததும் அவ்வளவு பெரிய பஸ்ஸைத் திருப்பி, அவள் வீட்டுச் சந்துக்குள்ளேயே கொண்டுபோய், துணி காயப்போட்டிருந்த கயிறு கண்ணாடியில் உரசும் அளவுக்கு வாசலில் இறக்கிவிட்டார். அதுவும் அவர் வழக்கம். தாண்டிப் போனவர்களைத் திரும்பக் கொண்டுவந்து விடாமல் இருக்க மாட்டார். ஆகவே எங்களில் யாராலும் அவரை முழுதாகத் திட்டவும் முடியவில்லை.

பழகியவர்கள் சமாளிக்கக் கற்றுக்கொண்டோம். என் பக்கத்து சீட் சரசக்கா அதில் கெட்டிக்காரி. ஒரு பாட்டு எந்த வளைவில் தொடங்குகிறது என்று பார்த்தே, எந்தப் பாலத்தில் முடியும் என்று சொல்லிவிடுவார். "இன்னிக்கு நான் இறங்குறது சீனர் கோயிலுக்கு அந்தாண்ட. மருமவள குடையோட அங்க வரச் சொல்லணும்" என்று போனைக் கையில் எடுப்பார்.

ஒருமுறை போலீஸ் ரோட்டை மறித்துச் சோதனை போட்டது. ஒரு போலீஸ்காரர் வந்து கண்ணாடியைத் தட்டி லைசென்ஸ் கேட்டார். முழுப்பாட்டு ஒரு விரலைத் தூக்கிக் காட்டி, "லாகு பெலும் ஹாபிஸ், பாங்" என்றார். பாட்டு இன்னும் முடியவில்லையாம். எங்களுக்கு உயிரே போய்விட்டது. பின்னால் வண்டிகள் பாடாங் செராய் வரைக்கும் நின்றன என்று பிறகு சொன்னார்கள். நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன் என்று வைத்துக்கொண்டாலும் நிறைய வண்டிகள்தான். அந்தப் போலீஸ்காரர் முறைத்தபடி நின்றார். நின்றவருடைய பூட்ஸ் தாளம் போடத் தொடங்கியதை நான் என் கண்ணால் பார்த்தேன். பாட்டு முடிந்ததும் அவரே "ஹாபிஸ்?" என்று கேட்டு, லைசென்ஸைப் பார்க்காமலே கையசைத்து அனுப்பிவிட்டார்.

இதைவிடப் பெரியது, ஒரு கல்யாணத்துக்கு பஸ்ஸை வாடகைக்கு ஓட்டிய கதை. மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிக்கொண்டு மண்டபத்து வாசலில் நிறுத்தினார். உள்ளே ஒரு நீளமான பக்திப் பாட்டு. வெளியே நாதஸ்வரம். இரண்டும் கலந்துவிடக் கூடாது என்று ஜன்னல்களையும் சாத்தச் சொல்லிவிட்டார். பெண் வீட்டார் ஆரத்தித் தட்டோடு நிற்கிறார்கள், பஸ் கதவு திறக்கவில்லை. கண்ணாடிக்குள்ளே மாப்பிள்ளை மாலையோடு வேர்த்துப்போய் உட்கார்ந்திருப்பது மட்டும் தெரிகிறது. மாப்பிள்ளை மனம் மாறிவிட்டான் என்று பெண்ணின் தாய்மாமன் முடிவு கட்டி, வாசலிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாராம். முகூர்த்தம் தப்பவில்லை. அந்தத் தம்பதிக்கு இப்போது மூன்று பிள்ளைகள்.

ரேடியோவை அவர் தொட மாட்டார். பாட்டு முடிவதற்குள் அறிவிப்பாளர் பேச வந்துவிடுகிறார் என்பது அவர் குற்றச்சாட்டு. "அவன் பேச்ச யாரு கேட்டா" என்பார். நூருல் என்ற இளம் மலாய்ப் பெண் எங்களோடு வருவாள். எங்களோடு பழகிப் பழகி எங்களைவிட நன்றாகத் தமிழ் பேசுவாள். அவள் ஒருநாள் புளூடூத் ஸ்பீக்கர் கொண்டுவந்தாள்.

"அண்ணே, போன்ல எல்லா பாட்டும் இருக்கு. இத போடுங்க லா."

"நடுவுல உங்கம்மா போன் பண்ணா?"

நூருல் யோசித்தாள். "பாட்டு நிக்கும்."

"அப்ப வேணாம்."

ஆகவே இந்தக் காலத்திலும் அந்த பஸ்ஸில் கேசட்தான் ஓடியது. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின். அதற்குச் சந்தனப் பொட்டு வைத்திருப்பார். அதற்குள் முருகன், மாரியம்மன், ஐயப்பன் என்று சாமி கேசட்டுகள் மட்டும். சினிமாப் பாட்டுகளுக்கு அந்த டின்னில் இடமில்லை. அவை சீட்டுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பையில் கிடக்கும். நாடா தளர்ந்தால் சீனர் கடைச் சாப்பாட்டுக் குச்சியை ஓட்டைக்குள் விட்டுச் சுற்றுவார். அந்தக் குச்சியை அவர் காதில் செருகியிருப்பதைப் பார்த்து, பாவம் டிரைவர், தச்சு வேலையும் பார்க்கிறார் என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

ஏன் இப்படி என்று பலர் கேட்டிருக்கிறார்கள். பாதியில் நிறுத்தினால் விபத்து நடக்கும் என்று சரசக்காவிடம் சொன்னார். நாடா கெட்டுப்போகும் என்று நூருலிடம் சொன்னார். நான் கேட்டதில்லை. நான் யாரிடமும் எதையும் கேட்காதவள், யாரும் என்னிடம் எதையும் கேட்காமல் இருந்தால் சந்தோஷப்படுகிறவள். அதற்குக் காரணம் உண்டு. என் வீட்டுக்காரர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனார். போனவர் போனவர்தான். அங்கே அவருக்கு வேறு குடும்பம் ஆகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். பஸ்ஸில் யாராவது கேட்டால், "சிங்கப்பூர்ல இருக்காரு" என்பேன். அது பொய்யும் இல்லை. அதற்குமேல் யாரும் கேட்டதில்லை. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அந்த பஸ்ஸில் தலை நிமிர்ந்து போய்வந்தேன்.

என் ஒரே மகள் தர்ஷினி பினாங்கில் இருக்கிறாள். பகலில் ஓர் அச்சகத்தில் வேலை. மற்ற நேரத்தில் மூன்று நண்பர்களோடு சேர்ந்து கிதார் வாசித்துப் பாடுகிறாள். சினிமாப் பாட்டு இல்லை, கோயில் பாட்டு இல்லை. அவர்களே எழுதி, அவர்களே மெட்டுப் போட்டு, அவர்களே கத்துவது. ராக் என்றாள். சென்ற ஆண்டு ஒரு வியாழக்கிழமை, அவர்களுடைய முதல் வெளியீடு தபாலில் வந்தது. பிரித்துப் பார்த்தால் கேசட். அட்டையில் ஒரு செருப்புப் படம். ஒரே ஒரு செருப்பு. குழுவின் பெயரும் அதுதான், 'ஒற்றைச் செருப்பு'. பெற்ற மகளின் முதல் படைப்பு என்று சாமி மாடத்தில் வைக்க எடுத்துப் போனவள், செருப்பை எப்படி அங்கே வைப்பது என்று திரும்பக் கொண்டுவந்து அரிசி டின்மேல் வைத்தேன்.

சிறிது நேரத்தில் அவளே கூப்பிட்டாள்.

"அம்மா, கேசட் வந்துச்சா?"

"வந்துச்சு. இந்தக் காலத்துல போய் எதுக்குடி கேசட்டு?"

"இப்ப அதான்மா ஸ்டைல். சனிக்கிழமதான் நெட்ல போடுவோம். அதுவரைக்கும் கேசட்டுல மட்டும்தான்னு நாலு பேரும் பேசி வச்சிருக்கோம்."

"நம்ம ரேடியோப் பொட்டிய பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டாச்சே."

"ஐயோ அம்மா. எங்கியாச்சும் இன்னிக்கு கேட்டுருங்க. கடைசிப் பாட்டு உங்களப் பத்தி. சனிக்கிழம மேடையில பாடுறோம். நீங்க வேணாம்னா எடுத்துருவேன்."

சாம்பார் கிண்டிய கரண்டியைக் கீழே வைத்தேன். "என்னப் பத்திப் பாட என்னா இருக்கு? நீயே சொல்லிரேன்."

"சொன்னா நல்லா இருக்காதும்மா. பாட்டாதான் கேக்கணும். மொத்தமே பதினாறு நிமிஷம்தான். அஞ்சு பாட்டு."

போனை வைத்தபிறகு அடுப்பில் சாம்பார் அடிபிடித்தது எனக்குத் தெரியவில்லை. என்னைப் பற்றி ஒருத்தி பாட்டுக் கட்டினால் வேறு எதை எழுதுவாள்? அம்மா தனியாக இருக்கிறாள், அப்பா வரவில்லை, அதைத்தானே எழுதுவாள். அது மேடையில், மைக்கில், பிறகு நெட்டில், பிறகு நூருலின் போனில், பிறகு சரசக்காவின் காதில். வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஆனால் கேட்காமலே வேண்டாம் என்றால் அவள் முகம் எப்படிப் போகும் என்றும் எனக்குத் தெரியும். அவள் என்னிடம் எதையும் கேட்டு வாங்குகிற பிள்ளை இல்லை.

கேசட் கேட்க எனக்குத் தெரிந்து ஒரே இடம்தான் இருந்தது. அதில் ஒரு வசதியும் இருந்தது. எங்கள் ஊர் பாடாங் மேஹாவில் பஸ்ஸில் முதலில் ஏறுகிறவள் நான். பாடாங் செராயில் அடுத்தவர்கள் ஏறும்வரை பஸ்ஸில் நானும் முழுப்பாட்டும்தான். ஏறியதும் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாமல் கேட்டு முடித்துவிடலாம். இந்தத் திட்டத்தைப் போட்டபோது நான் யாருடைய பஸ்ஸில் போகப் போகிறேன் என்பதை எப்படி மறந்தேனோ.

மாலை பஸ் வந்தது. கேசட்டை டிஷ்யூத் தாளில் சுற்றி நீட்டினேன். "அண்ணே, இத கொஞ்சம் போடுறீங்களா? தெரிஞ்ச புள்ள ஒண்ணு பாடியிருக்கு."

அவர் தாளைப் பிரித்தார். செருப்பைப் பார்த்தார். பிஸ்கட் டின்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என்னா தங்கச்சி இது. சாமி பக்கத்துல செருப்ப நீட்டுற."

"பாட்டு நல்லா இருக்கும்ணே" என்றேன், கேட்காமலே.

கேசட்டை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு, செருப்பு அட்டையை இரண்டு விரலால் பிடித்து பிரேக்குக்குக் கீழே போட்டார். "போடுறேன். மொதல்ல இந்தப் பக்கம் முடியட்டும். இன்னும் மூணு பாட்டு இருக்கு."

"அண்ணே, நான் இங்கியே கேட்டுரலாம்னு..."

"முருகன பாதியில எறக்கச் சொல்றியா?"

நான் என் சீட்டில் போய் உட்கார்ந்தேன். முருகன் தன் மூன்று பாட்டையும் நிதானமாகப் பாடினார். அன்றைக்கென்று அவருக்கு எந்த அவசரமும் இல்லை. பாடாங் செராய் வந்தது. பத்துப் பேர் ஏறினார்கள். சரசக்கா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலையை மடித்தார். அப்போதுதான் முழுப்பாட்டு என் மகளை உள்ளே தள்ளினார்.

"அண்ணே, கடசிப் பாட்டு மட்டும் போதும்" என்று எழுந்துபோய் மெதுவாகக் கெஞ்சினேன்.

"கல்யாணத்துக்கு வந்து பாயசத்த மட்டும் குடிச்சிட்டுப் போவியா? போய் உக்காரு."

முதல் பாட்டு தொடங்கியது. எங்கள் லைனில் மெஷின் சிக்கிக்கொண்டால் ஓர் அலாரம் அடிக்கும். அது அடிக்கிறது என்று நினைத்து சரசக்கா பாதித் தூக்கத்தில் எழுந்து நின்றுவிட்டார். அதற்குப்பின் தகரக் கூரையில் மழை கொட்டுவதுபோல் டிரம். அதற்கும் மேலே ஒரு குரல். என் மகளின் குரல்தான். அவள் குழந்தையாக இருந்தபோது ஊசி போடப் போனால் அப்படித்தான் கத்துவாள்.

"யாருடி இது? புள்ளைய யாரோ அடிக்கிறாங்க போல" என்றார் சரசக்கா.

நூருல் லூனாஸில் ஏறினாள். ஏறும்போதே தலையை ஆட்டிக்கொண்டு வந்தாள். "வாவ் அண்ணே, இன்டியா? யாரு பேண்டு?"

"இந்தியாவுல இல்ல, தங்கச்சி கொண்டாந்துச்சு" என்றார் முழுப்பாட்டு. இன்டி என்பது ஒரு வகைப் பாட்டு என்று அவருக்குத் தெரியாது. நாற்பது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே செம்பனை மரங்களை இதற்குமுன் பார்த்தே இராதவள்போலப் பார்த்தேன்.

இரண்டாவது பாட்டில் ஒரு வார்த்தையும் புரியவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. எல்லாப் பாட்டும் இப்படியே இருந்தால் பிழைத்தேன். மூன்றாவது பாட்டு தொடங்கியதும் முடிந்துவிட்டது. முழுப்பாட்டு திகைத்துப்போய், "இவ்வளவுதானா? ஒரு சிம்பாங், ஒரு சந்திகூட தாண்டலியே" என்று கேசட்டை முறைத்தார். நான்காவது, டிரம் அடிக்கும் பையனுக்காகவே எழுதினது போலிருந்தது. பின் சீட்டில் ஒருவர், காதில் பஞ்சு வைக்க யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டார். "நல்லாருக்கு லா, சும்மா இருங்க" என்று நூருல் அவரை அதட்டினாள்.

ஐந்தாவது பாட்டு தொடங்கும்போது ஹைடெக் பூங்காவின் ரவுண்டபோட் தெரிந்தது. கிதார் மட்டும் மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தது. வார்த்தை எதுவும் வரவில்லை. பேக்டரி கேட் வந்தது. பாட்டு முடியவில்லை. கேட்டைத் தாண்டி ரவுண்டபோட்டைச் சுற்றினார். மறுபடி கேட் வந்தது. கிதார் இன்னும் வாசித்தது. மறுபடி சுற்றினார். கேட்டில் காவலுக்கு நின்ற ஜாகா, இவரை அறிந்தவர், வாட்சைத் தட்டிக் காட்டினார். முழுப்பாட்டு அவருக்கும் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்.

பிறகு கிதார் நின்றது. சத்தமே இல்லை.

"முடிஞ்சிருச்சு, இறங்கலாம்." ஸ்டீயரிங்கில் இரண்டு தட்டு. கேட்டுக்கு முன்னால் கதவு திறந்தது.

எனக்கு வந்த நிம்மதியை எப்படி எழுதுவது. என்னைப் பற்றிய பாட்டில் வார்த்தையே இல்லை. நான் பேசாதவள் என்பதால் பேசாத பாட்டு எழுதியிருக்கிறாள், எவ்வளவு புத்திசாலிப் பெண் என்று மனம் குளிர்ந்து எழுந்தேன். சரசக்கா எனக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்தார். அவருடைய ஒரு கால் தரையில். அப்போது ஸ்பீக்கரிலிருந்து, "அம்மா" என்று தர்ஷினி கூப்பிட்டாள்.

முழுப்பாட்டு அப்படி அதிர்ந்து நான் பார்த்ததில்லை. "ஏறு, ஏறு, முடியல. சரசு, ஏறு புள்ள." கதவு மூடத் தொடங்கியது. சரசக்காவை நானும் நூருலும் கையைப் பிடித்து உள்ளே இழுத்தோம். அக்கா வந்தார். அவருடைய இடது செருப்பு வரவில்லை. பஸ் கிளம்பிவிட்டது. ஜாகா குனிந்து அதை எடுப்பது ஜன்னலில் தெரிந்தது.

"நடுவுல நின்னு மூச்சு வாங்குற பாட்ட இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்று முழுப்பாட்டு புலம்பிக்கொண்டே ரவுண்டபோட்டில் நுழைந்தார். அதற்குள் தர்ஷினி பாட ஆரம்பித்துவிட்டாள். கத்தவில்லை. டிரம் இல்லை. வீட்டில் பாத்திரம் கழுவும்போது பாடுவதுபோல் பாடினாள்.

அம்மா ஷிப்டு முடிஞ்சு வந்தாங்க
ஒரு செருப்பக் கழட்டுனாங்க
அடுத்தது கழட்டுறதுக்குள்ள
நாற்காலியிலயே தூங்கிட்டாங்க

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த வரியில் என் வீட்டுக்காரர் வருவார், அடுத்த வரியில் சிங்கப்பூர் வரும் என்று காத்திருந்தேன்.

வாசல்ல மூணு செருப்பு
நாலாவது அம்மா காலுல
சத்தம் போடாமக் கழட்டி வச்சேன்
இஸ்கூல் பஸ் வந்துருச்சு

அவ்வளவுதான். அதையே திரும்பப் பாடினாள். எங்கள் வீட்டு வாசலில் நான்கு செருப்பு. நான்கும் அவள் கணக்கில் சரியாக இருந்தன. வேறு செருப்பு எதையும் அவள் தேடவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காலையில் ஷிப்டு முடிந்து வந்து தூங்கி எழும்போதெல்லாம் என் இரண்டு செருப்பும் வாசலில் ஜோடியாக இருக்கும். நானேதான் கழற்றி வைத்தேன் என்று அத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

சரசக்காதான் முதலில், செருப்பில்லாத காலை மற்ற கால்மேல் தூக்கி வைத்துக்கொண்டு, "எவடி என் வீட்டுக்குள்ள வந்து பாத்தது?" என்றார்.

"உங்க வீடா? இது என் கதைக்கா" என்றார் பின் சீட்டில் பஞ்சு கேட்டவர். "நான் ஒருதடவ சாப்பாட்டுத் தட்டுலயே தூங்கிட்டேன். என் மவன்தான் தல முடியில இருந்து சோத்த எடுத்தான்."

"அக்கா, நான் மோட்டார்ல ஹெல்மெட்டோட தூங்கினேன்" என்றாள் நூருல். "எங்கம்மா எழுப்பல. மேல குடை புடிச்சிட்டு நின்னாங்க."

"யாரா இருந்தா என்னா, இது நைட் ஷிப்டு பொம்பள பெத்த புள்ள. சத்தியமா சொல்றேன்" என்றார் சரசக்கா.

பஸ் முழுவதும் பேச்சு. ஒவ்வொருத்தியும் அது தன் பாட்டு என்று சண்டை. என்னை ஒருவரும் பார்க்கவில்லை. நாற்பது பேருக்கு நடுவில் நான் என்னைப் பற்றிய பாட்டைக் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சௌகரியமாக எங்கும் நின்றதில்லை.

பாட்டு முடிந்தது. ஆனால் முழுப்பாட்டு ஸ்டீயரிங்கைத் தட்டவில்லை. கேட்டில் நிறுத்திவிட்டு, கேசட் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருமுறை ஏமாந்தவர் இல்லையா. நாடா ஓடி ஓடி, தானாக டக்கென்று நின்றபிறகுதான், அதுவும் தட்டாமல், "இறங்கலாம்" என்றார். ஜாகா சரசக்காவின் செருப்பை ஆரத்தித் தட்டுபோல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார்.

எல்லாரும் ஓடினார்கள். நான் கடைசி. படியில் கால் வைக்கும்போது முழுப்பாட்டு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "காலையில வீட்டுக்குப் போனா ரெண்டையும் கழட்டிட்டுத் தூங்கு தங்கச்சி. மக எப்பவும் பக்கத்துல இருக்குமா?"

அவருக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. எனக்கு அது வெட்கமாக இல்லை. ஏன் என்று இன்றுவரை புரியவில்லை.

அன்று நாற்பது பேரும் லேட். லைன் லீடர் முழுப்பாட்டையே கேட்டுக்கு உள்ளே கூப்பிட்டு விசாரித்தார். "பாட்டு முடியல, அதான்" என்றாராம். முதல் ரெஸ்ட் டைமில் லாக்கர் பக்கத்தில் நின்று தர்ஷினியைக் கூப்பிட்டேன்.

"கேட்டீங்களாம்மா?"

"முழுசா கேட்டேன்."

"எப்படி இருந்துச்சு?"

"நடுவுல அவ்வளவு நேரம் சும்மா இருக்காதடி. ஆளுங்க இறங்கிடுறாங்க" என்றேன். அவள் சிரித்தாள். "பாடட்டுமா?" என்று கேட்டாள். "பாடு" என்றேன். சனிக்கிழமை பாடினாள். நான் போகவில்லை, கூட்டம் எனக்கு ஆகாது. நூருல் போனாள். போய்வந்து, பாடினது யார் என்று பஸ்ஸில் சொல்லிவிட்டாள். அதற்குள் அந்தப் பாட்டு எல்லாருக்கும் சொந்தமாகிவிட்டதால், "ஓ, உன் மகளா" என்று சரசக்கா வெற்றிலையை நீட்டியதோடு முடிந்தது.

இந்த ஆண்டு பேக்டரிக்குப் புது பஸ் வந்துவிட்டது. ஏர்கான் ஜில்லென்று இருக்கிறது. முழுப்பாட்டு அலோர் ஸ்டாரிலிருந்து கோலா கெடா படகுத் துறைக்கு வேன் ஓட்டுவதாகக் கேள்விப்பட்டேன். லங்காவித் தீவுக்குப் போக வந்த எத்தனை பேர், பாட்டு முடியாமல் வேனுக்குள் உட்கார்ந்து, படகு புறப்பட்டுப் போவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார்களோ. புது பஸ்ஸில் ரேடியோதான். கேட் வந்ததும் டிரைவர் இஞ்சினை நிறுத்துகிறார், பாட்டு பாதியில் அறுந்துவிடுகிறது, எல்லாரும் இறங்கிப் போகிறார்கள். நான் மட்டும் மீதியை மனதுக்குள் பாடி முடித்துவிட்டுத்தான் படியில் கால் வைக்கிறேன். பின்னால் நிற்கிறவர்கள் திட்டுகிறார்கள். பரவாயில்லை.

அந்த வியாழக்கிழமைக்கு மறுநாள், பஸ் பாடாங் மேஹாவுக்குப் பதினைந்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டது. அடுத்தவர்கள் ஏறுவதற்குள் ஐந்து பாட்டையும் கேட்டு முடிக்கப் போதுமான நேரம். பிஸ்கட் டின் திறந்திருந்தது. முருகனுக்கும் மாரியம்மனுக்கும் நடுவில் அந்தச் செருப்பு அட்டை கேசட்டோடு இருந்தது.